மஞ்சள் போன அரை ரூபாய்

அந்தக் காசை நான் கழுவியிருக்கக் கூடாது. கழுவும்போது அது எனக்கு வெறும் காசு. அது மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசு என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. வடக்கே ரிக்கு வண்டியில் வேலை செய்யும் தன் கணவர், அந்தக் காசு துணிக்குள் இருக்கும் வரைதான் பத்திரமாக இருப்பார் என்று ராசிபுரத்தில் ஒரு பெண் நம்பிக்கொண்டிருந்தார்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் நான் தரப் பரிசோதகர். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கிறது பட்டறை. துளை போடும் ராடுகளின் முனையில் திருகு மறை வெட்டியிருப்பார்கள். ஒரு ராடின் மறை இன்னொரு ராடில் ஏறிப் பூட்டிக்கொள்ள வேண்டும். சரியாகப் பூட்டாவிட்டால் பூமிக்குள் எங்கோ ஆழத்தில் ராடு கழன்றுவிடும். மறையைக் கேஜ் வைத்து அளந்து, சரியாக இருந்தால் என் எண்ணை அதில் குத்த வேண்டும். என் எண் பதினேழு. நான் பார்த்திராத ஊர்களில், நான் பார்த்திராத ஆட்கள் அந்தப் பதினேழைத் தினமும் தொடுகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் சேலத்துக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஓசூரில் அண்ணனோடு போய்த் தங்கிவிட்டார்கள். ஊர் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் ராசிபுரத்தில் ஒரு மாடி அறையில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போவேன். மதியம் அண்ணன் போன் செய்வான். சாப்பிட்டாயா, சளி போயிற்றா, வாடகை ஏற்றினார்களா என்று மூன்று கேள்வி. நான் மூன்று பதில் சொல்வேன்.

ஒரு வேலைநாளில் மொத்தம் எத்தனை வாக்கியம் பேசுகிறேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, கண்டக்டர் சீட்டைத் தானாகவே நீட்டிவிடுவார், அங்கே பேச்சே கிடையாது. பட்டறையில் "இது போகலாம்", "இது திரும்பப் போகட்டும்", "கேஜ் யார்கிட்ட இருக்கு?" சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், "ஒரு செட்." அன்றைக்கு ஐந்து வந்தது. ஐந்தாவது, கதவில் நுழைந்த பூனையிடம் சொன்னது.

செட் என்றால் தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. சேலம் பக்கத்துச் சாயங்காலம் அதுதான். அந்தத் தள்ளுவண்டியை நடத்துபவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் அக்கா என்பேன். அவர் என்னை அம்மணி என்பார், சில நேரம் சாமி. அந்த ஊரில் என்னிடம் கேள்வி கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

"என்ன அம்மணி, பாடம் ஒப்பிக்கறாப்ல 'ஒரு செட்'டுங்கற, திங்கற, போற. பணம் வந்துச்சுன்னு சொல்ற இந்த மிசினே உன்னக் காட்டியும் நாலு வார்த்த சேத்திப் பேசும்."

"பசிக்குதுக்கா."

"பசிச்சா 'ங்க' போடப்படாதுன்னு இருக்குதா? உன்ற ஊருல ஆரும் 'ங்க' போட மாட்டாங்களா?"

"போடுவோம். பெரியவங்ககிட்ட."

"அப்ப நானு பச்சக் கொழந்தயா?" என்று அவர் கேட்க, பக்கத்தில் தின்றுகொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அறைக்குப் படியேறும்போதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மீதி இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை என் போனில் சார்ஜ் இல்லை. எப்போதும் ஸ்கேன் செய்துதான் கொடுப்பேன், அன்று நோட்டாகக் கொடுத்தேன். வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். அக்கா ஒரு கையால் தட்டுவடையை அடுக்கிக்கொண்டே மறு கையைக் கல்லா டப்பாவில் விட்டு, மீதியை எண்ணாமல் என் கையில் வைத்தார்.

அறையில் சில்லறை போட ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன். காசுகளை அதில் கொட்டியபோது ஒன்று மட்டும் வேறு மாதிரி ஒலித்தது. மற்றவை தகரம் போலத் தட்டின. இது மணி போல இழுத்து ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். அளவில் பழைய ஒரு ரூபாய் மாதிரி. கொஞ்சம் கனம் அதிகம். இரண்டு பக்கமும் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. சட்னிக் கை பட்டது என்றுதான் நினைத்தேன். நகத்தால் சுரண்டியபோது ஒரு அரசரின் மூக்கு தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பட்டறையில் வேலை உண்டு. சாப்பாட்டு நேரத்தில் காசை ஆய்வு மேசைக்கு எடுத்துப் போனேன். எந்தப் பொருள் வந்தாலும் நாங்கள் செய்வது ஒரே வரிசைதான். வந்த நிலையில் படம். சுத்தம். அளவு. எடை. முடிவு. முதலில் உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் போனில் படம் எடுத்தேன். மஞ்சள் படிவில் குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கோடுகள் பதிந்திருந்தன. துணியின் இழை மாதிரி. பார்க்க அழகாக இருந்தது. நோட்டில் "மஞ்சள் படிவு, துணித் தடம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன், எழுதியது என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை.

சோப்புத் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் சிவந்தது. மஞ்சளும் சோப்பும் சேர்ந்தால் சிவக்கும், சட்டையில் குழம்பு சிந்திய எல்லோருக்கும் தெரியும். ஆக, சமையல் மஞ்சள்தான் என்று முடிவு செய்து, மென்மையான பிரஷ்ஷால் விளிம்பு வரை தேய்த்தேன். வெள்ளை வெளேர் என்று வெளியே வந்தது காசு.

காந்தத்தில் ஒட்டவில்லை. விட்டம் இருபத்து நான்கு மில்லிமீட்டர். எடை ஐந்தரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்த்து அடர்த்தி கணக்கிட்டேன். ஒன்பதரை வந்தது. எஃகு என்றால் எட்டுக்குக் கீழே நிற்கும், தூய வெள்ளி என்றால் பத்தரை. இது இரண்டுக்கும் நடுவில். ஒரு பக்கம் ஆங்கில அரசரின் தலை, மறுபக்கம் அரை ரூபாய் என்று ஆங்கிலத்திலும், எனக்குப் படிக்கத் தெரியாத வேறொரு எழுத்திலும். ஆண்டின் கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது. நாற்பதுகளில் ஏதோ ஒன்று. போர்க்காலத்தில் வெள்ளி போதாமல் பாதிக்குப் பாதி செம்பும் மற்றதும் கலந்து அடித்தார்கள் என்று அப்புறம் படித்தேன். என் ஒன்பதரை அதற்குச் சரியாகப் பொருந்தியது.

எங்கள் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பொதையலா? பங்கு உண்டுங்களா?"

"அரை ரூபாய் சார். பாதி வெள்ளி."

"அப்பப் பாதியில பாதி குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "என்ன விலை போகும்?" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவனிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பஸ்ஸில் காசு புழங்குவதில்லை. மருந்துக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார்கள். மிச்சம் இருப்பது அக்காவின் கல்லா டப்பா ஒன்றுதான். ஆகவே அவரிடமே சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்தேன். தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்ததைச் சொன்னால் நிச்சயம் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலுக்காகவே சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்ல வேண்டியவை ஒன்பது வாக்கியங்கள் வந்தன. எனக்கு அது அதிகம்.

தள்ளுவண்டி அங்கே இல்லை. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வட்டமாக இருந்தது. மூன்று சாயங்காலமும் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். காசு என் பென்சில் பெட்டிக்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்திருந்தது. கூட்டம் இல்லை. அக்காவின் தலை வாரியிருக்கவில்லை. நான் "ஒரு செட்" என்று சொன்னதற்கு அவர் எதுவும் கிண்டல் செய்யவில்லை. பீட்ரூட் போட மறந்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து போட்டார்.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"ஒடம்புக்கென்ன." சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு வண்டியின் மேல் கம்பியில் தொங்கிய சாமி படத்தைக் காட்டினார். அதன் ஆணியில் மஞ்சள் துணியின் கிழிந்த நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "என்ற ஊட்டுக்காரரு ரிக்குல வடக்க போனாருல்ல, அன்னிக்குக் காசு முடிஞ்சு வெச்சேன் அம்மணி. எங்கூட்டுச் சீர்ல வந்த காசு. அவரு வந்து நின்னு, அவரு கையால அவுத்து உண்டியல்ல போடோணும். அதுவரைக்கும் ஆரும் தொடப்படாது. பாழாப்போன எலி. வண்டி ராத்திரி வாசல்ல நிக்குது, எண்ணெ வாசத்துக்கு ஏறித் துணியக் கடிச்சிருக்குது. காசு எங்க உழுந்துதுன்னே தெரியல."

அவர் கை காட்டிய இடத்துக்கு நேர் கீழே கல்லா டப்பா இருந்தது. மூடியில்லாத டப்பா. நான் அதைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கெழம பூப் போடறப்பவாச்சும் பாத்திருக்கோணும். அவசரத்துல பூவ அப்புடியே மாட்டியுட்டுட்டேன். சனிக்கெழம பாத்தா வெறுந்துணி. மூணு நாளா ஊடு வாசல் எல்லாங் கூட்டித் தேடிப்போட்டேன். அவருக்கும் போன் போகல. வியாழக்கெழம பேசுனவருதான். வாரத்துல ரெண்டு தரம் தவறாமக் கூப்புடுவாரு." குரல் இறங்கியது. "காசு போன அன்னைல இருந்து போனும் போகல, அம்மணி."

பென்சில் பெட்டி என் பையில் இருந்தது. பை என் தோளில் இருந்தது. நான் தட்டைக் குப்பைக் கூடையில் போட்டு, ஸ்கேன் செய்து, "கிடைச்சுடும்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பல முறை யோசித்திருக்கிறேன். திருட்டு எண்ணம் இல்லை. சோப்புத் தண்ணீர் சிவந்தது கண் முன்னால் வந்தது. சொன்னால் அவர் என்னிடம் இனிப் பேச மாட்டார் என்று தோன்றியது. அறையில் உட்கார்ந்து நோட்டில் நடுவே ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் சொன்னால் என்ன ஆகும், அந்தப் பக்கம் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதினேன். இந்தப் பக்கத்தில் நான்கு விஷயம் இருந்தது. நான்கும் என்னைப் பற்றியவை. அந்தப் பக்கத்தில் ஒன்றுதான். "அவர் கணவர் செத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே இருப்பார்."

புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் முன், பஸ் நிலையத்தில் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சந்தில், தறிச் சத்தம் கேட்கும் வரிசையில் இருந்தது வீடு. வாசலில் தள்ளுவண்டி. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மணி, இந்நேரத்துல? வேலைக்குப் போகல?"

"போகணும்க்கா. இத முதல்ல பாருங்க." உள்ளங்கையில் காசை வைத்து நீட்டினேன். "உங்க காசு. வெள்ளிக்கிழமை சில்லறைல எங்கிட்ட வந்துருச்சு."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். புரட்டினார். மறுபடி புரட்டினார். முகத்தில் எதுவும் வரவில்லை. பிறகு என் தலையைத் தடவினார்.

"இது இல்ல சாமி. எங்காசு மஞ்சக் காசு. இது பளபளன்னு இருக்குது. நா அழுவறேன்னு எங்கியாச்சும் கடைல வாங்கியாந்தியா?"

தலையைத் தடவாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லக்கா. நான் கழுவிட்டேன்."

"என்ன பண்ணுன?"

"கழுவிட்டேன். சோப்புப் போட்டு."

அவர் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். உருப்பெருக்கியின் அடியில் எடுத்தது. திரை முழுக்க மஞ்சள், அதில் இழைத் தடம். எலி கடித்த துணி இருக்கிறதா என்று கேட்டேன். சாமி மாடத்திலிருந்து எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து எப்படி ஒப்பிடுவது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் விளக்கம் கேட்கவில்லை. போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்தார்.

"இங்க பாரு, இந்த ஒத்த நூலு மட்டுந் தடியாப் போகுது. ரெட்ட இழ உழுந்துருக்குது." துணியை வெளிச்சத்தில் பிடித்தார். அதிலும் ஒரு நூல் தடித்து ஓடியது. "அவரு வேட்டில கிழிச்சதுதான். கரையோரமா இந்த நூலு வரும்." சட்டென்று திண்ணமாக, "இது எங்காசுதான்" என்றார்.

எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. ஆய்வு சரியாக முடிந்தால் வரும் சந்தோஷம். அது போவதற்குள் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆனாக் கழுவிப்போட்டயே, அம்மணி. சோப்பா போட்ட?"

"தெரியாதுக்கா. மஞ்சள்னு தெரிஞ்சுது. முடிஞ்சதுன்னு தெரியல."

"உங்கூட்ல காசு முடிய மாட்டீங்களா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. மெழுகுவத்தி ஏத்துவோம்."

"மெழுகுவத்தியக் கழுவுவீங்களா?"

அவருக்கு அந்தக் கோபத்தில் கொஞ்சம் உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. வெங்காயத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"மறுபடி முடியலாமாக்கா?" என்று கேட்டேன்.

"முடியோணும். ஆனா நா முடியப்படாது. கழுவுனவ கையாலதான் முடியோணும்."

"அப்படி ஒரு முறை இருக்குதாக்கா?"

"இப்பத்தா நா சொன்னேனல்ல? இருக்குது."

கல்லில் மஞ்சள் கிழங்கை உரைத்துக் கொடுத்தார். பீரோவிலிருந்து கணவரின் வேட்டி ஒன்றை எடுத்து, கரையோரமாக ஒரு சாண் கிழித்தார். நான் காசின் இரண்டு பக்கமும் மஞ்சளைப் பூசினேன். நேற்று வரை அதன் விட்டமும் அடர்த்தியும் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தன. அரசரின் மூக்கு மஞ்சளுக்குள் மறைந்தது. துணியின் நடுவில் வைத்து மூன்று முடிச்சுப் போடச் சொன்னார்.

"இறுக்கு. இன்னும் இறுக்கு. ராடு பூட்டற பட்டறைக்காரி, ஒரு முடிச்சு இறுக்கத் தெரியல."

"இறுக்கிட்டேன்க்கா."

"இப்ப அவரு பேரச் சொல்லி, நல்லபடியா வந்து சேரோணும்னு சொல்லு. வாய்விட்டுச் சொல்லோணும்."

"நீங்க முதல்ல முடியறப்ப வாய்விட்டா சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன். நா சொன்னாச் சாமிக்கு ஆருன்னு தெரியும். நீ வேத்தாளு. உன்னச் சாமிக்குத் தெரியோணுமல்ல?"

"அவர் பேர் என்னக்கா?"

கணவர் பெயரை அக்கா தன் வாயால் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய் ரேசன் கார்டைக் கொண்டுவந்து, ஒரு வரியில் விரலை வைத்தார். விரலில் வெங்காய ஈரம். நான் அந்தப் பெயரைப் படித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்றும் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்று அந்த நேரத்தில் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ராசிபுரத்துக்கு வந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு மனிதரின் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் எனக்கு சார், அண்ணா, அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு யாரும் பக்கத்தில் இல்லை.

முடிச்சைப் பழையபடி கம்பியில் தொங்கவிட வேண்டாம் என்றேன். என் பையில் இருந்த, மூடி இறுக்கமாகப் பொருந்தும் சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தேன். மதியத்துக்கு ஊறுகாய் கொண்டுபோகும் டப்பா. அக்கா அதை முகர்ந்து பார்த்து, "எலுமிச்சங்கா" என்றார். மூன்று முறை கழுவிய பிறகுதான் உள்ளே வைத்தார். "கழுவறதுன்னா இதக் கழுவோணும்" என்றார்.

அன்று பட்டறைக்கு அரை மணி நேரம் தாமதம். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"என்னம்மா, கல்யாணமா? சொல்லவே இல்ல?" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்ல சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். முதல் ராடில் பதினேழைக் குத்தும்போது, அதன் மேல் என் விரல் தடம் மஞ்சளாக விழுந்தது. துடைக்க வேண்டும் என்பது விதி. துடைத்தேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வண்டியில் நின்று தின்றேன். அக்கா போனைச் சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவர் அதைப் பார்க்கும்போதெல்லாம் நானும் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் அந்த இரண்டு சாயங்காலமும் நான் தனியாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு பேர் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சனிக்கிழமை நான் வண்டியை நெருங்கும் முன்பே அவர் கையை ஆட்டினார். "கூப்புட்டாரு, அம்மணி! காத்தால கூப்புட்டாரு! போனு சேத்துத் தண்ணிக்குள்ள உழுந்துருச்சாம். பக்கத்துல கடையே இல்லியாம். வேற ஆரோ ஒருத்தரு போன்ல பேசுனாரு. காச்சலுங்கூட இல்லியாம், நல்லாத் திங்கறாராம்." அன்று என்னிடம் காசு வாங்கவில்லை. இரண்டு செட் வைத்தார். "அவரு வந்ததும் கோயிலுக்குப் போறோம். நீயும் வரோணும். முடிஞ்சவ நீயி."

"வர்றேன்க்கா" என்றேன்.

நோட்டில் அந்தக் காசுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். கடைசி வரியில், முடிச்சுப் போட்ட நாள், போன் வந்த நாள் இரண்டையும் எழுதினேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எழுதும் கட்டத்தை அப்படியே காலியாக விட்டேன். வழக்கமாக நான் எதையும் காலியாக விடுவதில்லை.

அடுத்த இரண்டு மாதம் எதுவும் மாறவில்லை. அக்காவுக்குக் கூட்டம் திரும்பி வந்தது. கவலை இல்லாதவர்களுக்கு என்னோடு நின்று போனைப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. மறுபடி "ஒரு செட்", மறுபடி ஒரு கிண்டல், மறுபடி அறை. அக்காவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் எப்போதும் போலத்தான் இருந்தார். நான்தான் அந்த இரண்டு சாயங்காலங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு புதுப் புடவையும் எடுத்தேன். மஞ்சள் வேண்டாம் என்று பச்சை எடுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மூன்று நாள் காணாமல் இருந்த வண்டி மறுபடி வந்திருந்தது. வண்டிக்குப் பின்னால் அக்கா இல்லை. ஒல்லியாக, வெயிலில் கறுத்த ஒருவர் நின்றிருந்தார். வெங்காயத்தை அளவுக்கு மேல் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல் நகங்கள் நசுங்கிக் கறுத்திருந்தன. ராடு மாட்டுபவர்களுக்கு அப்படி இருக்கும். நெற்றியில் திருநீறு, தலை மொட்டை போட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும். மேல் கம்பியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் என் ஊறுகாய் டப்பா தொங்கியது. மூடி திறந்திருந்தது. உள்ளே ஊதுபத்தி செருகியிருந்தார்கள்.

கோயிலுக்குப் போய் வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையாக இருக்கும். எனக்கு அன்று முழு நாள் ஷிப்ட். சொல்லியிருந்தாலும் போயிருக்க முடியாது.

முன்னால் நின்ற ஒருவர் அவரிடம், "எங்கீங்க, அக்காளக் காணோம்?" என்று கேட்டார்.

"சொந்தக்காரங்கெல்லாம் வந்திருக்காங்க. ஊட்ல சமையலு. கோயிலுக்கு ஒரு வேன் நெறையப் போயிட்டு வந்தோம்ல" என்றார்.

என் முறை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அப்படித்தான் பார்க்க முடியும். அவர் பெயர் எனக்குத் தெரியும். அது வாய்விட்டுச் சொல்லும்போது எப்படி ஒலிக்கிறது என்று தெரியும். அவர் வேட்டிக் கரையில் எத்தனையாவது நூல் தடித்து ஓடுகிறது என்றும் தெரியும். அவர் பூமிக்குள் இறக்கிய ராடுகளில் பதினேழு இருந்திருக்கலாம், அதை அவர் தொட்டிருக்கலாம்.

"என்ன வேணுங்க?" என்றார்.

"ஒரு செட்டுங்க."

"காரம் போடட்டுங்களா?"

"போடுங்க" என்றேன்.